எருப் பாத்திக்கு அடிச்ச மருந்து

விதை குடுக்கிற கவுண்டரை ரெண்டரைக்குத்தான் திறப்பாங்க அண்ணாச்சி. நீங்க போய்த் தட்டினாலும் உள்ள இருந்து சத்தம் வராது. சாப்பிட்டு ஒரு கண் அசந்து எந்திரிச்சாத்தான் உள்ள இருக்கிறவருக்கு விதை எடுத்துக் குடுக்கத் தெம்பு வரும். இங்கிட்டு வாங்க, இந்த பெஞ்சுல நிழல் இருக்கு. உளுந்துதானே? நல்ல விதைதான். இந்தப் பண்ணையில நாங்க போட்டதுதான். நாங்கன்னா நான் இல்லை. நான் இப்ப கேட்டோட சரி. வண்டி வந்தா திறக்கணும், போனா மூடணும், ஆடு உள்ள வந்தா விரட்டணும். பத்தொன்பது வருஷம் அந்த மண்ணுல நின்னவனை ஆடு விரட்ட உக்கார வச்சிருக்காங்க.

நீங்க கேட்கல. இருந்தாலும் சொல்றேன். ரெண்டரை வரைக்கும் நீங்களும் என்ன செய்யப் போறீங்க, நானும் என்ன செய்யப் போறேன்.

தண்ணித் தொட்டிக்கு அங்கிட்டு, சிமெண்டு வரப்பு கட்டிப் பன்னெண்டு பாத்தி தெரியுதா? மத்த வயலு மாதிரி இல்லை அது. ஆராய்ச்சிப் பாத்தி. நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே பிரிச்சது. நாலு பாத்திக்குச் சாணி எரு மட்டும். நாலு பாத்திக்கு மூட்டை உரம் மட்டும். மிச்சம் நாலுக்கு அதுல பாதி இதுல பாதி. வருஷா வருஷம் அதே பாத்திக்கு அதேதான். மாத்தக் கூடாது. எருப் பாத்திக்குள்ள மூட்டை உரம் ஒரு குருணை சிந்தினாக் கூட மேனேஜர் வரதன் சார் ஆடித் தீர்த்துருவாரு. எருப் பாத்தி மண்ணைக் கையில பிடிச்சா புட்டு மாதிரி உதிரும். உரப் பாத்தி மண்ணு சித்திரையில பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். பக்கத்துப் பக்கத்துப் பாத்திதான். ஆனா ரெண்டும் ரெண்டு ஊரு மண்ணு மாதிரி ஆயிப்போச்சு.

அந்தப் பன்னெண்டுக்கும் மருந்தடிக்கிறது நான் ஒருத்தன்தான். மருந்தடின்னா என்னமோ டேங்கை முதுகுல போட்டுக்கிட்டுப் பம்பை ஆட்டுறதுன்னு நினைக்கிறாங்க. பம்புல என்ன இருக்கு? நடைதான் எல்லாம். ஒரே நடை நடக்கணும். ஒரு இடத்துல நின்னா அங்க கூடிரும், ஓடினா குறைஞ்சிரும். நான் நடந்தா பாத்தியோட இந்தக் கடைசியில ஆரம்பிச்சு அந்தக் கடைசியில டேங்கு காலியாகும். ஒரு கையளவு மிஞ்சாது. பழைய மேனேஜர் இருந்தாரு, அவரு சொல்லுவாரு, சீனியப்பன் கையடிக்கு அளவுகோல் வேண்டாம்னு. அவரு ரிட்டையர் ஆகிப் போயிட்டாரு. நம்மளை நல்லாச் சொல்ற ஆளுகதான் வெள்ளென ரிட்டையர் ஆகுறாங்க.

ஆறு வருஷம் ஆகப் போகுது, ஒரு பொண்ணு வந்துச்சு. சுகிர்தான்னு பேரு. நாகர்கோவில் பக்கம். பி.எச்டி படிக்க வந்த புள்ள. மெலிஞ்சு, ஒரு தொப்பியை மாட்டிக்கிட்டு, காலையில ஏழு மணிக்கெல்லாம் பாத்தியில நிக்கும். என்னை அண்ணேன்னு கூப்பிடும். இங்க வந்த படிச்ச புள்ளைக யாரும் என்னை அண்ணேன்னு கூப்பிட்டதில்லை. சீனியப்பாம்பாங்க, இல்லாட்டி ஏப்பாம்பாங்க.

அந்தப் புள்ளைக்கு என்ன படிப்புன்னா, ஒரே களை மருந்தை, ஒரே அளவுல, இந்த மூணு மாதிரிப் பாத்தியிலயும் அடிச்சா என்ன ஆகும்னு பாக்குறது. செடி ஒரே மாதிரித் தாங்குமா, களை ஒரே மாதிரிச் சாகுமா. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. மருந்து மருந்துதானே அண்ணாச்சி. விஷத்தைக் குடிச்சா எரு போட்டு வளந்தவனும் சாவான், மூட்டை உரம் போட்டு வளந்தவனும் சாவான். இதைப் படிக்க நாகர்கோவில்ல இருந்து வரணுமா? ஆனா சொல்லல. நமக்கு எதுக்கு. அடின்னா அடிக்கப் போறோம்.

புரட்டாசி மழைக்கு உளுந்து விதைச்சோம். விதைச்ச மூணு நாளுக்குள்ள, களை முளைக்கிறதுக்கு முன்னாடி அடிக்கிற மருந்து அது. மஞ்சக் கலரு. கையில பட்டா ரெண்டு நாளைக்குப் போகாது. அடிக்க வேண்டிய அன்னிக்கு அந்தப் புள்ளைக்குக் காலேஜுல மீட்டிங்கு. அண்ணே, நீங்களே பாத்துக்குங்கன்னு அளந்து பாட்டில் பாட்டிலா ஊத்தி வச்சிட்டுப் போயிருச்சு. நானும் அடிச்சேன். எப்பவும் அடிக்கிற மாதிரிதான் அடிச்சேன். இதை நீங்க நல்லா மனசுல வச்சுக்கணும். அன்னிக்கு என் கையில ஒரு தப்பும் இல்லை.

இருவதாம் நாள் களை எண்ணுனாங்க. அதுக்கு ஒரு கம்பிச் சட்டம் உண்டு, சதுரமா. பாத்திக்குள்ள வச்சு, சட்டத்துக்குள்ள எத்தனை களை நிக்குதுன்னு எண்ணணும். அந்தப் புள்ள எழுதும், ஒச்சாயி எண்ணுவா. ஒச்சாயி இங்க களையெடுக்கிற பொம்பளைகள்ல ஒருத்தி. உசிலம்பட்டிப் பக்கத்துல இருந்து கட்டிக்கிட்டு வந்தவ. புருஷன் இல்லை, ரெண்டு ஆடு, ஒரு மக. படிப்பு கிடையாது, ஆனா எந்தக் களையும் ரெண்டு இலை விடும்போதே பேரு சொல்லிருவா. சாரணை இத்தனை, பண்ணைக்கீரை இத்தனைன்னு வாயில வரிசையா வரும். அந்தப் புள்ள அவளை அக்கா அக்கான்னு விடாது.

எண்ணிப் பாத்தா, உரப் பாத்தியில களை இல்லை. சுத்தமா இருந்துச்சு. ஆனா உளுந்தும் கொஞ்சம் வாடித்தான் கிடந்துச்சு. குட்டையா, இலை சுருங்கி, மஞ்சளடிச்சு. எருப் பாத்தியில உளுந்து ஜம்முன்னு நிக்குது, கருகருன்னு. கூடவே களையும் ஜம்முன்னு நிக்குது.

வரதன் சார் வந்தாரு. பாத்தாரு. பன்னெண்டு பொம்பளைக நிக்கிறாங்க, அந்தப் புள்ள நிக்குது, ரெண்டு காலேஜுப் பையன்க நிக்கிறாங்க. எல்லாருக்கும் முன்னால கேட்டாரு. "சீனியப்பா, இங்க மருந்து அடிச்சியா, இல்லை டேங்கைத் தூக்கிட்டுச் சாமி ஊர்வலம் போனியா?"

பொம்பளைக சிரிச்சாங்க. ஒச்சாயியும் சிரிச்சா. அவ சிரிச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வாயை முந்தானையால மூடிக்கிட்டுச் சிரிச்சா, ஆனா சிரிச்சா.

அந்தப் புள்ள என் பக்கம்தான் பேசுச்சு. இல்லை சார், எரு போட்ட மண்ணு, அதனால இருக்கலாம்னு என்னமோ சொல்லுச்சு. அவரு கேட்கல. மண்ணு என்ன, மருந்தை எடுத்துக் குடிச்சிருச்சான்னு கேட்டாரு. அதுக்கும் சிரிச்சாங்க.

அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல அண்ணாச்சி. பத்தொன்பது வருஷத்துல, அப்ப பதினாறு வருஷம், ஒருத்தர் என் கையைக் குறை சொன்னதில்லை. வேற எதைச் சொன்னாலும் பொறுத்துக்குவேன். படிப்பு இல்லைன்னு சொல்லு, நிறம் கறுப்புன்னு சொல்லு. கையைச் சொல்லாத.

அதோட இன்னொண்ணு இருக்கு. தினக்கூலி ஆளுகள்ல எட்டுப் பேரை நிரந்தரம் பண்ண லிஸ்டு எழுதிக்கிட்டு இருந்தாங்க. நான் அதுல மூணாவது. லிஸ்டு மேல போகணும்னா வரதன் சார் ஒவ்வொருத்தருக்கும் வேலை திருப்தின்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். நீங்களே யோசிச்சுப் பாருங்க.

மறு வருஷம் அதே புரட்டாசி. இந்தத் தடவை அந்தப் புள்ள பக்கத்துலயே நின்னுச்சு. நின்னா பரவாயில்லை. மொதல்ல சிமெண்டுக் களத்துல என்னை நடக்கச் சொன்னாங்க. டேங்குல வெறும் தண்ணியை ஊத்தி, நான் அடிச்சுக்கிட்டே நடக்க, தரையில எம்புட்டு அகலம் நனையுதுன்னு டேப்பு வச்சு அளந்தாங்க. கையில வாச்சு வேற. வரதன் சார் உத்தரவு. அந்தப் புள்ளைக்கே சங்கடமா இருந்துச்சு போல. அண்ணே, இது எல்லா இடத்துலயும் செய்றதுதான், உங்களுக்காக இல்லைன்னு சொல்லுச்சு. யாருக்காகவா இருந்தா என்ன. தொட்டில் புள்ளைக்கு நடை பழக்குற மாதிரி எனக்கு நடை பழக்கினாங்க. பொம்பளைக களத்து ஓரத்துல உக்காந்து கஞ்சி குடிச்சுக்கிட்டே பாத்தாங்க.

அளந்தது சரியா வந்துச்சு. சரியாத்தானே வரும். அப்புறம் பன்னெண்டு பாத்திக்கும் அடிச்சேன். அந்தப் புள்ள வரப்புல கூடவே நடந்து வந்துச்சு. அன்னைக்கு வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறேன், மனசு ஒரு நிலையில இல்லை. மறுபடி எருப் பாத்தியில களை வந்தா? யாரு மண்ணைக் குறை சொல்லப் போறாங்க? மண்ணு லிஸ்டுல இருக்கா? நான்தானே இருக்கேன்.

மறுநாள் வெள்ளென, இன்னும் கருக்கல் தெளியல, நான் வந்துட்டேன். மருந்து ரூம் சாவி என் ஷெட்டுலதான் ஆணியில தொங்கும். டப்பாவைத் திறந்தேன், டேங்குல ஊத்தினேன். அளக்கல. அளக்க நேரமில்லை. நாலு எருப் பாத்திக்கு மட்டும் இன்னொரு கை அடிச்சேன். முந்தின நாள் அடிச்சதைவிடக் கூடத்தான் இருக்கும். அடிச்சு முடிச்சு டேங்கைக் கழுவிக் கவுத்தி வச்சிட்டு, டீக்கடைக்குப் போயிட்டு, எட்டு மணிக்குப் புதுசா வர்ற மாதிரி வந்தேன்.

தப்பா அண்ணாச்சி? நான் என்ன திருடினேனா? பாத்தியில களை சாகணும்னு மருந்து வாங்கி வச்சிருக்காங்க, நான் களையைச் சாகடிச்சேன்.

அன்னிக்குக் கருக்கல்ல நான் வரும்போது ஒச்சாயி பெரிய வரப்புல இருந்தா. ஆட்டுக்குப் புல்லு அறுக்க எப்பவும் வெள்ளென வருவா. வரப்பு ஓரத்துல முளைக்கிற பண்ணைக்கீரையைப் பறிச்சு மடியில கட்டிக்கிட்டுப் போவா, குழம்புக்கு. எருப் பாத்தி ஓரத்துக் கீரைதான் ருசிம்பா. ஆனா அந்த வாரம் பூரா அவ அங்க பறிக்கல. மத்தவளுகளையும், அங்கிட்டுப் போகாதீங்கடின்னு தடுத்துட்டா. நான் அதைக் கவனிச்சேன். எதுக்குன்னு கேட்கல. பொம்பளைக விஷயம் நமக்கு எதுக்கு.

அந்த வருஷம் எருப் பாத்தியில ஒரு களை இல்லை. சட்டத்தை வச்சு எண்ணுனா ஒண்ணு, ரெண்டு. உளுந்துதான் கொஞ்சம் அடி வாங்கிருச்சு. தண்டு தடிச்சு, குட்டையா, வளர மாட்டேன்னு நின்னுச்சு. உரப் பாத்தி உளுந்தை விட மோசம். அந்தப் புள்ள மண்டி போட்டு உக்காந்து ஒவ்வொரு செடியாத் தொட்டுத் தொட்டுப் பாத்துச்சு.

காலேஜுல இருந்து அதோட புரொபசர் வந்தாரு. ரெண்டு வருஷக் கணக்கையும் வச்சுப் பாத்தாரு. பாத்துட்டு என்ன சொன்னாரு தெரியுமா? போன வருஷம் தெளிப்புல பிழை, இந்த வருஷம்தான் சரின்னாரு. எனக்குப் பக்கத்துல நின்னுதான் சொன்னாரு. நான் தண்ணிக் குடத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். என் கையடி சரியா இருந்த வருஷம் தப்பாம், நான் ஒண்ணுக்கு ரெண்டா ஊத்தின வருஷம் சரியாம். யாருகிட்டப் போய்ச் சொல்ல? வாயைத் திறந்தாலும் போச்சு, மூடினாலும் போச்சு.

அதோட போயிருந்தாலும் பரவாயில்லை. அந்தப் புள்ள விடல. மருந்து அடிச்ச பதினஞ்சாம் நாள் ஒவ்வொரு பாத்தியிலயும் மண்ணு எடுத்துப் பெரிய லேபுக்கு அனுப்பியிருக்கு. அது வர அஞ்சு மாசம். வந்து பாத்தா, எருப் பாத்தி மண்ணுல மட்டும் மருந்து ரெண்டு மடங்குக்கு மேல இருக்கு. அதுவும் நாலு பாத்தியிலயும்.

மொதல்ல என்கிட்டத்தான் வந்துச்சு. தனியா. "அண்ணே, எருப் பாத்திக்கு மறுபடி யாராவது அடிச்சாங்களா?" கோபமாக் கேட்கல. கடையில என்ன விலைன்னு கேட்கிற மாதிரிக் கேட்டுச்சு. நான், நீங்க பக்கத்துலயே நின்னீங்களேம்மா, பன்னெண்டுக்கும் ஒரே மாதிரித்தானே அடிச்சோம்னு சொன்னேன். அதுல பொய் இல்லை. நின்னுச்சு. அடிச்சோம்.

அப்புறம் வரதன் சார் ரூமுக்குக் கூப்பிட்டாரு. ஆராய்ச்சிப் பாத்தியில கை வச்சிருக்காங்க, யாருன்னு தெரியணும்னாரு. மருந்து ரூம் சாவி எங்க இருக்கும்னு கேட்டாரு. என் ஷெட்டுல தொங்கும்னேன். அங்க யார் யாரு வருவாங்கன்னாரு. பொம்பளைக தூக்குச்சட்டி வைக்க வருவாங்கன்னேன். எருப் பாத்தியில களை ஜாஸ்தின்னு யாராவது சலிச்சுக்கிட்டாங்களான்னாரு. எல்லாரும் சலிச்சுக்குவாங்க சார், ஒச்சாயி கொஞ்சம் கூடச் சலிச்சுக்குவான்னேன். அன்னிக்கு வெள்ளென யாரையாவது பாத்தியான்னாரு. ஒச்சாயி வரப்புல புல்லு அறுத்துக்கிட்டு இருந்தான்னேன்.

இதுல எது பொய்? ஒண்ணும் கிடையாது. கேட்டாரு, சொன்னேன். அவதான் அடிச்சான்னு நான் சொல்லல. அந்த வார்த்தை என் வாயில வரவே இல்லை. அவரா ஒண்ணோட ஒண்ணு கூட்டிக்கிட்டாரு.

ஒச்சாயிக்கு டேங்கு தூக்கத் தெரியுமா, அவ உசரம் என்ன, டேங்கு எடை என்னன்னு அந்தப் புள்ள சண்டை போட்டுச்சாம். களை செத்தா அக்காவுக்குத்தான் கீரை போச்சு, அவங்க எதுக்கு அடிக்கணும்னு கேட்டுச்சாம். ஆனா அதுவும் படிக்க வந்த புள்ளதானே. அதோட பேச்சு எம்புட்டு எடுபடும்? நாளையில இருந்து வர வேண்டாம்னு ஒச்சாயிகிட்டச் சொல்லிட்டாங்க. தினக்கூலிக்கு எழுத்தா, நோட்டீஸா? வர வேண்டாம்னா வர வேண்டாம்தான்.

போறப்ப அவ என் ஷெட்டுக்கு வந்தா. தூக்குச்சட்டியை எடுக்க வந்தா. நான் டேங்குக் குழாயோட நாசிலைக் கழட்டித் துடைச்சுக்கிட்டு இருந்தேன். நிமிரல. அவ சட்டியை எடுத்துக்கிட்டு, வாசல் நிலையைப் பிடிச்சு நின்னு சொன்னா.

"அன்னிக்கு ஒரே கருக்கலா இருந்துச்சு அண்ணே. நான் ஒண்ணும் பாக்கல. உனக்கு லிஸ்டு இருக்கு. எனக்கென்ன, களை இல்லாத ஊரா இருக்கு?"

நான் கேட்டேனா? பாத்தியா பாக்கலையான்னு நான் அவகிட்டக் கேட்கவே இல்லை. அவளா வந்து சொல்றா. சரி, பாக்கலைன்னா பாக்கல. நானும் தலையை ஆட்டினேன். அப்புறம் போயிட்டா. அவ மக அந்த வருஷம் பன்னெண்டாவது படிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதை அப்புறம்தான் யாரோ சொன்னாங்க.

மூணாவது வருஷம். அந்தப் புள்ள இந்தத் தடவை யாரையும் நம்பல. என்னையும் நம்பல. அதையும் சொல்லணும்ல? இந்த மெலிஞ்ச உடம்புல டேங்கைத் தானே மாட்டிக்கிட்டு, களத்துல தண்ணி ஊத்தி நடந்து நடந்து பழகி, தானே பன்னெண்டு பாத்திக்கும் அடிச்சுச்சு. தோள்பட்டை ரெண்டும் தடம் பதிஞ்சு போச்சு. மருந்து ரூம் சாவியைத் தன் பையில வச்சுக்கிச்சு. நான் தண்ணி மட்டும் கொண்டாந்து ஊத்தினேன். பத்தொன்பதாவது வருஷம், எனக்குத் தண்ணி தூக்குற வேலை.

இருவதாம் நாள் சட்டத்தை வச்சு எண்ணுச்சு. புதுசா வந்த பொம்பளைக்குக் களைப் பேரு தெரியல, அந்தப் புள்ளையே எண்ணி அதுவே எழுதுச்சு. எண்ணிட்டு அப்படியே தொட்டிப் பக்கம் ஓடி வருது. நான் குழாய்க்கு வாஷர் மாத்திக்கிட்டு இருக்கேன். மூச்சு வாங்குது, கண்ணுல தண்ணி.

"அண்ணே, உங்க கை சரிதான் அண்ணே. மொத வருஷமும் நீங்க சரியாத்தான் அடிச்சிருக்கீங்க. இந்த வருஷமும் அதே மாதிரிதான் வந்திருக்கு. எரு மண்ணு மருந்தைப் பிடிச்சு வச்சுக்குது. செடி வேருக்கு விடல, களை விதைக்கும் விடல. அதான் அண்ணே விஷயம். அதைத்தான் நான் தேடிக்கிட்டு இருந்தேன்."

வரதன் சார் கேலிக்குக் கேட்டாருல்ல, மண்ணு மருந்தைக் குடிச்சிருச்சான்னு. குடிச்சிருக்கு. இருவது வருஷமா எருவைத் தின்ன மண்ணு, விஷத்தையும் வாங்கித் தனக்குள்ள வச்சுக்கிச்சு.

எனக்கு அந்த நிமிஷம் எப்படி இருந்துச்சுன்னு எப்படிச் சொல்ல. மூணு வருஷமா மண்டைக்குள்ள குடைஞ்சது. என் கை சரி. என் நடை சரி. பன்னெண்டு பொம்பளைக சிரிச்சதெல்லாம் தப்பு. எனக்கும் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்தச் சந்தோசத்துல, அந்த ஆத்திரத்துல, எது கூடன்னு தெரியல, வாயில வந்துருச்சு.

"அப்ப நான் மறுநாள் வந்து ரெண்டாந்தரம் அடிச்சதெல்லாம் வீண்தானாம்மா?"

சொன்னப்புறம்தான் சொன்னது காதுல விழுந்துச்சு.

அந்தப் புள்ள அப்படியே நின்னுச்சு. முகத்துல இருந்த சிரிப்பு போகக் கூட இல்லை, அது பாட்டுக்கு நின்னுச்சு, கண்ணு மட்டும் மாறிப்போச்சு. திட்டும்னு பாத்தேன். திட்டியிருந்தா எனக்கு ஒரு ஆறுதல். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், என்னைக் களத்துல நடக்க வச்சீங்களே, எல்லாரையும் வச்சுச் சிரிச்சீங்களேன்னு. எல்லாம் நாக்கு நுனியில தயாரா இருந்துச்சு. அது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு.

"ஒச்சாயி அக்கா வீடு எங்கண்ணே?"

பாத்துக்குங்க. மூணு வருஷமா அதுக்கு வேலை செஞ்சவன் முன்னால நிக்கிறேன். என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கல. ஏன் அடிச்சீங்க, என்ன கஷ்டம்னு கேட்டுச்சா? இல்லை.

அப்புறம் எல்லாம் தெரிஞ்சு போச்சு. ரெண்டாவது வருஷக் கணக்கைப் பூராவும் அடிச்சுத் தள்ளிட்டாங்க. அந்தப் புள்ள இன்னொரு வருஷம் உளுந்து போட வேண்டியதாப் போச்சு. அதோட படிக்கிற உதவித்தொகை நின்னுருச்சாம், ஊருல கல்யாணம் பேசியிருந்தது தள்ளிப்போச்சாம். அதுக்கும் நான்தான் காரணம்னு பேசிக்கிட்டாங்க. லிஸ்டுல இருந்து என் பேரை எடுத்துட்டாங்க. வேலையை விட்டே அனுப்பியிருப்பாங்க, அந்தப் புள்ள வேண்டாம்னு சொன்னுச்சுன்னு ஒரு பேச்சு. எனக்குத் தெரியாது. என்கிட்ட வந்து சொல்லல. வர்ற தை வந்தா கேட்டுக்கு வந்து மூணு வருஷம். வாயிலிருந்து ஒரு உண்மை வந்துச்சு, அதுக்கு இம்புட்டுத் தண்டனை. பேசாம இருந்திருந்தா நான் இன்னிக்கு நிரந்தரம்.

வரதன் சாருக்கு ஒண்ணும் இல்லை. அவரு போன வருஷம் பெரிய பண்ணைக்கு மாறிப் போயிட்டாரு. ஆனா விஷயம் தெரிஞ்ச அந்த வாரமே எனக்கு ஒரு வேலை வச்சாரு. நீதானே அந்தப் பொம்பளை பேரைச் சொன்ன, நீயே போய் அவளைக் கூட்டிட்டு வான்னாரு. நான் அடிச்சான்னு சொல்லல சார்னு சொல்லிப் பாத்தேன். போய்யான்னாரு. அந்தப் புள்ள நான் சொன்ன அன்னிக்கே அவ வீட்டுக்குப் போயிட்டு வந்துருச்சு போல. வீடு பூட்டிக் கிடந்துச்சாம்.

போனேன். ரெண்டு பஸ் மாறி, அவ தங்கச்சி ஊருல இருக்கான்னு கேட்டு விசாரிச்சுப் போனேன். அந்தப் பக்கம் எங்க பாத்தாலும் மக்காச்சோளம். ஏக்கர் ஏக்கரா. கையில களை எடுக்கிற வேலையே அந்த ஊருல கிடையாது, எல்லாம் மருந்துதான். அவளை ஒரு காட்டுல காட்டினாங்க. முதுகுல டேங்கு. ஒச்சாயி முதுகுல டேங்கு. கூலிக்கு மருந்தடிச்சுக்கிட்டு இருக்கா. செருப்பு இல்லை, வாயில துணி இல்லை. நடையும் சரியில்லை. ஒரு இடத்துல நிக்கிறா, ஒரு இடத்துல ஓடுறா. முழங்கை வரைக்கும் மஞ்சளா இருந்துச்சு.

விஷயத்தைச் சொன்னேன். ஆபீசுல உன்னைக் கூப்பிடுறாங்க, தப்பு உன் மேல இல்லைன்னு ஆயிருச்சு, வந்து சேருன்னேன். டேங்கை இறக்கி வச்சா. பக்கத்துல இருந்த தண்ணியில கையைக் கழுவினா. இந்தச் சோளம் முடியட்டும், வர்றேன்னா. வரல. எத்தனை சோளம் முடிஞ்சிருச்சு இதுக்குள்ள. திமிருதான், வேற என்ன. கூப்பிட்டு மதிக்கும்போது வரணும்ல?

அந்தப் புள்ள அப்புறம் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துச்சு. என்ன பேசினாங்கன்னு தெரியாது. படிப்பை முடிச்சுட்டு ஊருக்குப் போயிருச்சு. போற அன்னைக்கு இந்தக் கேட்டு வழியாத்தான் போச்சு. ஆட்டோவுக்கு நான்தான் கேட்டைத் திறந்தேன். வர்றேண்ணேன்னு சொல்லுச்சு. எல்லாருக்கும் சொல்ற மாதிரிதான்.

இன்னொண்ணும் நடந்துச்சு, ஒச்சாயியைப் பாத்த அன்னைக்கு. இதை நான் இங்க யார்கிட்டயும் சொல்லல. நீங்க விதையை வாங்கிட்டுப் போயிருவீங்க, உங்ககிட்டச் சொன்னா என்ன.

பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டேன். வரப்புல பத்தடி நடந்திருப்பேன், பின்னால இருந்து கூப்பிட்டா. திரும்பினேன். கையைச் சேலையில துடைச்சுக்கிட்டே கேட்டா.

"நீயாச் சொன்னியா அண்ணே, இல்லை அந்தப் புள்ள கண்டுபிடிச்சுச்சா?"

நான் துண்டை உதறித் தோள்ல போட்டேன். அப்புறம், நானாத்தான் சொன்னேன்னு சொன்னேன்.

அவ முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. அழுகிறாளோன்னு நினைச்சேன். அழல. எனக்குத் தெரியும், நீ சொல்லிருவன்னு எனக்குத் தெரியும்னு ரெண்டு தடவை சொன்னா. அது போதும் அண்ணேன்னா. அப்புறம் குனிஞ்சு டேங்கைத் தூக்கினா, தூக்க முடியல, நான் போய்ப் பின்னால இருந்து ஒரு கை குடுத்தேன். மாட்டிக்கிட்டா. அடிக்கப் போயிட்டா.

நான் சொன்னதுல பொய் இல்லையே அண்ணாச்சி. அந்தப் புள்ள கேட்கல, யாரும் மிரட்டல, அடிக்கல. என் வாயில இருந்துதானே வந்துச்சு?